மருந்து எல்லோருக்கும் எட்டுவதற்கான ஆய்வு: மருந்தாளுநருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மருந்துச் சீட்டில் நான்கு மருந்துகள் எழுதப்பட்டிருக்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தின் சன்னலுக்கு உள்ளே அமர்ந்திருக்கும் மருந்தாளுநர் மூன்றை எடுத்து, எதைக் காலையில், எதை இரவில் என்று சொல்லிக் கவரில் போட்டுத் தருகிறார். நான்காவதைப் பேனாவால் வட்டமிட்டு, “இது இன்னிக்கு இல்லம்மா, வெளியில வாங்கிக்கங்க” என்கிறார். அந்த அம்மாள் சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடக்கிறார். மாலையில் பதிவேடு எழுதும்போது மூன்று மருந்துகளும் செலவுக் கணக்கில் ஏறுகின்றன. நான்காவது எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. அவர் அதை வெளியில் வாங்கினாரா, பாதி வாங்கினாரா, வாங்காமலே விட்டுவிட்டாரா என்பதைச் சொல்ல அந்த நிலையத்தில் ஒரு தாளும் கிடையாது.

மருந்து அணுகல் ஆய்வு என்று இப்போது வழங்கப்படும் துறை அந்த நான்காவது மருந்தைப் பற்றியது. மருத்துவர் சீட்டு எழுதியதோடு அடுத்த நோயாளியிடம் போய்விடுகிறார். பொருளியலாளர் ஆண்டுக் கணக்கைத்தான் பார்க்கிறார். “இல்லை” என்ற சொல் உண்மையில் எங்கே, யாரிடம், எத்தனை முறை சொல்லப்படுகிறது என்பது மருந்து வழங்கும் சன்னலில் நிற்பவருக்குத்தான் தெரியும். ஆகவே இந்தத் துறைக்குள் வரும் மருந்தாளுநர் பிறருடைய வேலையைக் கற்றுக்கொள்ளப் போவதாக எண்ணிக் கூச வேண்டியதில்லை. தான் ஏற்கெனவே அறிந்ததை எண்ணிக்கையாக மாற்றக் கற்றுக்கொண்டால் போதும். அதை எந்த வரிசையில் கற்பது என்பதையே இந்த வழிகாட்டி சொல்கிறது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வருகின்றன; இந்தத் துறையில் உலகம் திரும்பிப் பார்த்த சில வேலைகள் இவ்விரு இடங்களில் நடந்தவை என்பதே அதற்குக் காரணம்.

முதற்படி: அணுகல் என்ற சொல்லைப் பிரித்துப் பார்ப்பது

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் விலையிலிருந்து தொடங்குகிறார்கள். விலை ஒரு தடை மட்டுமே. ஒரு மருந்து நோயாளியின் உடலுக்குள் சென்று வேலை செய்ய வேண்டுமானால், முதலில் அப்படியொரு மருந்து கண்டுபிடிக்கப்பட்டு யாரோ அதைத் தயாரிக்க வேண்டும். நாட்டில் அதற்குப் பதிவும் அனுமதியும் இருக்க வேண்டும். தேவைப்படும் நாளில் அருகிலுள்ள இடத்தில் இருப்பில் இருக்க வேண்டும். குடும்பத்தின் கைக்கு எட்டும் விலையில் இருக்க வேண்டும். தரமாக இருக்க வேண்டும். சரியான அளவில் எழுதிக் கொடுக்கப்பட வேண்டும். இவற்றில் எது அறுந்தாலும் நோயாளிக்கு விளைவு ஒன்றுதான். ஆய்வாளருக்கோ, எங்கே அறுந்தது என்பதுதான் முழுக் கேள்வியும்.

பாம்புக்கடி மருந்தை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கிவரும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சு, இந்தியாவில் நச்சுமுறி மருந்து தயாரிக்க முக்கிய மூலப்பொருளாக இருந்துவருகிறது. அந்த மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கு வகைகளின் நஞ்சை முறிக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியிலும் இலங்கையிலும் காணப்படும் கூன்மூக்குக் குழிவிரியன் கடித்தால் அதே மருந்து உதவாது. ஆக, ஒரு மலையோர மருத்துவமனையில் குப்பிகள் நிறைய இருக்கலாம், அவை இலவசமாகவும் தரமாகவும் இருக்கலாம். கடித்தது வேறு பாம்பு என்றால் அங்கே மருந்து இல்லை என்றே பொருள். இதற்கு விலைக் கணக்கெடுப்பு எந்தப் பதிலும் தராது. புதிய நச்சுமுறி ஏன் தயாரிக்கப்படவில்லை என்ற ஆய்வே தேவை. சமவெளியிலோ கேள்வி வேறு: குப்பிகள் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இருக்கின்றனவா, கடிபட்டவர் முதலில் போய்ச் சேரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கின்றனவா, அங்கே இருந்தாலும் ஒவ்வாமை வந்தால் சமாளிக்கும் துணிவோடு அதை ஏற்ற ஆள் இருக்கிறாரா?

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, உங்கள் சன்னலில் இல்லை என்று சொல்ல நேரும் ஒவ்வொரு மருந்துக்கும் நேராக இந்தத் தடைகளில் எது காரணம் என்று ஒரு மாதம் குறித்துவாருங்கள். பட்டப்படிப்பு எதையும்விட இதுவே முதலில் செய்ய வேண்டியது.

இரண்டாம் படி: படிப்பு

மருந்தியல் பட்டயம் முடித்தவர்கள் பி.ஃபார்ம் வரையாவது செல்ல வேண்டியிருக்கும். ஆய்வை நோக்கமாகக் கொண்டவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. பி.ஃபார்ம் முடித்து ஜிபேட் தேர்வெழுதி எம்.ஃபார்மில் மருந்தியல் நடைமுறைப் பிரிவை எடுப்பது ஒன்று. 2008-இல் இந்தியாவில் தொடங்கப்பட்ட ஆறாண்டு ஃபார்ம்.டி படிப்பு மற்றொன்று. அதன் கடைசி ஆண்டு முழுவதும் மருத்துவமனைப் பயிற்சி என்பதால் நோயாளியையும் சீட்டையும் அருகிலிருந்து பார்க்கும் பழக்கம் அதில் கூடுதலாக வரும்.

இவை இரண்டும் தராத ஒன்று உண்டு. அது மக்கள்தொகை அளவில் சிந்திக்கும் பழக்கம். ஒரு நோயாளிக்கு எது நல்லது என்று கேட்கவே மருந்தியல் கல்லூரி நம்மைப் பழக்குகிறது. ஒரு மாவட்டத்தில் நூறு பேரில் எத்தனை பேருக்கு மருந்து கிடைத்தது, கிடைக்காதவர்கள் யார், அவர்கள் கிடைத்தவர்களிடமிருந்து எந்த வகையில் வேறுபடுகிறார்கள் என்று கேட்கப் பொதுச் சுகாதாரப் படிப்பு கற்றுத்தருகிறது. சென்னை அயப்பாக்கத்திலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுதமேனன் மையம், புதுச்சேரி ஜிப்மர் ஆகியவை இத்துறையில் பெயர் பெற்றவை. சேர்க்கைத் தகுதி அவ்வப்போது மாறுவதால், மருத்துவப் பட்டம் இல்லாதவருக்கு இடம் உண்டா என்பதை அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதோடு ஒரு புள்ளியியல் மென்பொருளில் கை பழக வேண்டும். ‘ஆர்’ மொழி இலவசம் என்பதால் அதையே பரிந்துரைப்பேன். சுகாதாரப் பொருளியலின் அடிப்படையும் தேவைப்படும். சட்டம் படிக்க வேண்டியதில்லை, ஆனால் சட்டப் பிரிவு ஒன்றை எடுத்து அச்சமின்றிப் படிக்கத் தெரிய வேண்டும்.

மூன்றாம் படி: முன்னோடிகளின் வேலையைக் கூர்ந்து படிப்பது

முறையியல் பாடநூலைத் திறக்குமுன் மூன்று முன்னுதாரணங்களை ஆழமாகப் படிப்பது நல்லது. மூன்றும் வெவ்வேறு தடைகளை உடைத்தவை.

முதலாவது, சேனக பிபிலே. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மருந்தியல் பேராசிரியரான அவர், மருத்துவர் எஸ்.ஏ. விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து இலங்கையின் மருந்து மேலாண்மை குறித்து 1971-இல் ஓர் அறிக்கை அளித்தார். ஒரே மருந்து பல வணிகப் பெயர்களில் பல விலைகளில் இறக்குமதியாவதை அவர் பட்டியலிட்டுக் காட்டினார். அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் அந்தச் சிந்தனையில் உருவானதே; சுமார் 2,100 ஆக இருந்த இறக்குமதி வகைகள் சுமார் 600 ஆகக் குறைக்கப்பட்டன, கொள்முதல் மூலப்பெயரில் மொத்தமாக நடந்தது. 1977-இல் உலக சுகாதார நிறுவனம் முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டபோது, சுமார் 200 மருந்துகளால் ஒரு நாட்டின் பெரும்பாலான தேவையை நிறைவேற்றலாம் என்ற கருத்து உலகுக்குப் புதிதாகத் தோன்றியது. கொழும்பில் அது ஏற்கெனவே நடைமுறையில் இருந்தது. பிபிலே அதே ஆண்டில் கயானாவில் பணியில் இருந்தபோது காலமானார். அவருடைய ஆயுதம் ஒரு சாதாரண அட்டவணை என்பதைக் கவனியுங்கள்: ஒரு பக்கம் மூலப்பெயர், அதற்கு எதிரே வணிகப் பெயர்களும் விலைகளும்.

இரண்டாவது, சென்னை சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம். இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் தொடர்ச்சி. காசநோயாளியை மாதக்கணக்கில் சானடோரியத்தில் படுக்க வைத்து, நல்ல உணவும் ஓய்வும் கொடுத்தால்தான் மருந்து வேலை செய்யும் என்று உலகம் நம்பிய காலம் அது. படுக்கைகளோ மிகக் குறைவு. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவைச் சானடோரியத்திலும் மற்றதைச் சென்னையின் நெரிசலான குடியிருப்புகளில் அவரவர் வீட்டிலும் வைத்து, இரு பிரிவினருக்கும் ஒரே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டுச் சிகிச்சை பின்தங்கவில்லை என்ற முடிவு 1959-இல் வெளியானது. படுக்கை இல்லை என்ற காரணத்தால் மருந்து எட்டாதிருந்த எண்ணற்றவர்களுக்கு ஒரே ஆய்வு வழி திறந்தது. இங்கே புதிய மருந்து ஒன்றும் கண்டுபிடிக்கப்படவில்லை. மருந்தைக் கொடுக்கும் இடம்தான் மாறியது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுவாசலுக்குப் போவதைப் பார்க்கும்போது, இந்தப் பழைய ஆய்வு எனக்கு நினைவுக்கு வருவதுண்டு.

மூன்றாவது, தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994-இல் பதிவு செய்யப்பட்டு 1995 ஜனவரி முதல் இயங்கத் தொடங்கிய இந்த அரசு நிறுவனம், மாநிலம் முழுவதற்குமான மருந்துகளை மூலப்பெயரில், ஒரே ஒப்பந்தப்புள்ளி வழியாக வாங்குகிறது. மருந்துகள் மாவட்டக் கிடங்குகளுக்கு வந்ததும் ஒவ்வொரு பேட்ச்சிலிருந்தும் மாதிரி எடுக்கப்பட்டு, தயாரிப்பாளர் பெயர் மறைக்கப்பட்டு, குறியீட்டு எண்ணோடு ஆய்வகங்களுக்குச் செல்கிறது. முடிவு சரியென்று வந்த பிறகே சரக்கு வெளியே போகும். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. வங்கிக் கணக்கைப் போல அதில் ஆண்டு ஒதுக்கீடு எழுதப்பட்டிருக்கும். மருந்து எடுக்க எடுக்கத் தொகை கழியும். இதில் ஆய்வாளர் கவனிக்க வேண்டியது, சரக்கு தேவையைப் பின்தொடர்ந்து போகும் அந்த அமைப்பு. மேலேயிருந்து சமமாகப் பிரித்து அனுப்பினால் ஓரிடத்தில் காலாவதியும் இன்னோரிடத்தில் பற்றாக்குறையும் ஒரே மாதத்தில் ஏற்படும். கீழேயிருந்து இண்டென்ட் (தேவைப் பட்டியல்) போட்டு எடுக்கும்போது அது குறைகிறது. கேரளமும் ராஜஸ்தானும் பின்னாளில் இதையொட்டித் தங்கள் கழகங்களை அமைத்தன.

நான்காம் படி: கேள்வியைச் சிறிதாக்குவது

“கிராமப்புறங்களில் மருந்து அணுகல்” என்பது ஆய்வுக் கேள்வி ஆகாது, மாநாட்டுத் தலைப்பு. “இந்த மாவட்டத்தின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கடந்த ஆறு மாதங்களில் மெட்ஃபார்மின் 500 மி.கி. எத்தனை நாட்கள் இருப்பில் இல்லை, அந்த நாட்களில் வந்த நோயாளிகள் என்ன செய்தார்கள்” என்பது ஆய்வுக் கேள்வி. மருந்தின் பெயர், வலிமை, இடம், காலம், யாருக்கு என்ற ஐந்தும் ஒரே வாக்கியத்தில் வராவிட்டால் கேள்வி இன்னும் பழுக்கவில்லை என்று கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: இருப்பு, விலைக் கணக்கெடுப்பு

இத்துறையில் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது தன் கையால் செய்ய வேண்டிய வேலை இது. உலக சுகாதார நிறுவனமும் ஹெல்த் ஆக்‌ஷன் இன்டர்நேஷனல் அமைப்பும் சேர்ந்து 2003-இல் வெளியிட்டு 2008-இல் திருத்திய முறையே இன்றும் அடித்தளம். அதன்படி ஆறு பகுதிகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் அரசு நிலையங்களையும் தனியார் மருந்துக் கடைகளையும் குறிப்பிட்ட விதியின்படி தெரிவு செய்து, ஒரே மருந்துப் பட்டியலோடு எல்லா இடங்களுக்கும் போக வேண்டும். ஒவ்வொரு மருந்துக்கும் இரண்டு வரிசைகள்: கண்டுபிடித்த நிறுவனத்தின் பிராண்டு, அந்தக் கடையில் அன்று இருக்கும் மிகக் குறைந்த விலை ஜெனரிக் (அதே மருந்தைப் பிற நிறுவனங்கள் தயாரிப்பது). இந்த முறையின் தொடக்க ஆண்டுகளில் இந்தியாவில் கணக்கெடுப்பு நடந்த இடங்களுள் சென்னையும் ஒன்று.

கண்ணால் பார்த்தால் மட்டுமே ‘உண்டு’ என்று குறிக்க வேண்டும் என்பது இதன் முதல் விதி. கேட்பதற்கு எளிதாக இருக்கும் இந்த விதி களத்தில் ஓயாமல் சோதிக்கப்படும். “இருக்கு சார், எழுதிக்கங்க” என்பார்கள். “எடுத்துக் காட்ட முடியுமா?” என்று பணிவாகக் கேட்க வேண்டும். நான் முதன்முதலில் இந்த வேலைக்குப் போன ஒரு நிலையத்தில், ஸ்டாக் ரெஜிஸ்டரில் சால்பியூட்டமால் இன்ஹேலர் 12 என்று இருந்தது. அலமாரியைத் திறந்தபோது 12 பெட்டிகளும் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன், காலாவதியாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஏட்டின்படி உண்டு, அலமாரியின்படியும் உண்டு, மூச்சுத்திணறலோடு வருகிறவருக்கு இல்லை. அன்றிலிருந்து என் படிவத்தில் பேட்ச் எண்ணுக்கும் காலாவதித் தேதிக்கும் தனித்தனிக் கட்டங்கள் இருக்கின்றன. அந்த மருந்தாளுநர் மீது குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் ஒருவரே வழங்கலும் கணக்கும் இண்டென்ட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது, ஒரு நாள் வருகை ஒரு நாளின் படத்தை மட்டுமே தரும். கிடங்கிலிருந்து வண்டி வந்த மறுநாள் போனால் எல்லாம் இருக்கும். வருவதற்கு முந்தைய வாரம் போனால் பாதி இருக்காது. ஆகையால் ரெஜிஸ்டரைப் பின்னோக்கிப் புரட்டி, இருப்பு பூச்சியமாக இருந்த நாட்களை எண்ணிச் சேர்க்க வேண்டும். சேர்க்கும்போது இன்னொன்றையும் பாருங்கள்: இருப்பு தீரும் தறுவாயில் முப்பது நாளுக்குக் கொடுக்க வேண்டிய மாத்திரையைப் பத்து நாளுக்குக் கொடுத்து ஓட்டுவது வழக்கம். ஏட்டில் பூச்சியம் வராது, ஆனால் நோயாளி மாதம் மூன்று முறை கூலியை விட்டு வர வேண்டியிருக்கும். ஒரு நோயாளிக்குச் சராசரியாக எத்தனை மாத்திரை வழங்கப்பட்டது என்று வாரவாரியாகக் கணக்கிட்டால் இந்த மறைந்த பற்றாக்குறை வெளியே வரும்.

கிடைத்த எண்களை எதனோடு ஒப்பிடுவது? இருப்புக்கு உலக சுகாதார நிறுவனம் தொற்றா நோய் மருந்துகள் தொடர்பில் வைத்த இலக்கு 80 சதவீதம். விலைக்கு, உள்ளூர் இடைநிலை விலையை (விலைகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதை) பன்னாட்டு ஒப்பீட்டு விலையால் வகுத்து விகிதம் காண்பார்கள். வாங்கும் திறனுக்கோ மிகவும் பொருள்பொதிந்த ஓர் அளவுகோல் உண்டு: அரசுப் பணியில் மிகக் குறைந்த ஊதியம் பெறும் திறன்சாராத் தொழிலாளி, ஒரு மாத மருந்தை வாங்க எத்தனை நாள் உழைக்க வேண்டும் என்பது. நாட்கூலி 500 ரூபாய், மாத மருந்து 1,200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 2.4 நாட்கள் ஆகும். இதைச் செய்யும்போது ஒரே மருந்தோடு நின்றுவிடாதீர்கள். கணவருக்குச் சர்க்கரை, மனைவிக்கு ரத்த அழுத்தம், மாமியாருக்கு ஆஸ்துமா என்றிருக்கும் வீட்டில் மூன்றையும் கூட்டினால்தான் உண்மை தெரியும். அதிலும் பல கூலித் தொழிலாளர்களுக்கு அரசு நிர்ணயித்த கூலியே கிடைப்பதில்லை என்பதால், உங்கள் பகுதியில் உண்மையில் கொடுக்கப்படும் கூலியை வைத்து இரண்டாவது கணக்கு ஒன்றும் போடுங்கள்.

களத்துக்கே போகாமல் செய்யக்கூடிய வேலையும் உண்டு. தேசிய மாதிரி ஆய்வின் 75-ஆவது சுற்று, 2017-18-இல், குடும்பங்களின் மருத்துவச் செலவைத் திரட்டியது. அதன் வீட்டுவாரி மூலத்தரவைப் பதிவு செய்துகொண்டு இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். முதல் ஆய்வுக்குப் பணமில்லாத மாணவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

ஆறாம் படி: விலை எப்படி நிர்ணயமாகிறது என்று கற்பது

இந்தியாவில் 2013-ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையின்படி, தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்சவிலை வைக்கிறது. 2022-ஆம் ஆண்டுப் பட்டியலில் 384 மருந்துகள் உள்ளன. சந்தையில் ஒரு சதவீதமும் அதற்கு மேலும் பங்குள்ள பிராண்டுகள் கடைக்காரருக்கு விற்கும் விலைகளின் எளிய சராசரியை எடுத்து, அதனோடு 16 சதவீதம் சில்லறை லாபம் சேர்ப்பதே சூத்திரம். பட்டியலில் இல்லாத மருந்துகளுக்கு உச்சவிலை கிடையாது. ஆண்டுக்குப் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்ற கட்டுப்பாடு மட்டும் உண்டு.

இந்தச் சூத்திரத்தைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தாலே ஆய்வுக் கேள்விகள் பிறக்கும். சராசரி எடுக்கப்படுவது தயாரிப்புச் செலவிலிருந்து அல்ல, ஏற்கெனவே சந்தையில் இருக்கும் விலைகளிலிருந்து. ஆகவே உச்சவிலைக்கும், அதே மாத்திரையை மருத்துவப் பணிகள் கழகம் ஒப்பந்தப்புள்ளியில் வாங்கும் விலைக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று எவரும் கணக்கிடலாம். கழகம் இறுதி செய்யும் விலைகள் பொதுவில் கிடைப்பவை. பட்டியலில் உள்ள ஒற்றை மருந்தோடு இன்னொன்றைக் கலந்து கூட்டு மாத்திரையாக விற்றால் அது கட்டுப்பாட்டிலிருந்து நழுவிவிடுவதுண்டு. உங்கள் ஊர் மருந்துக் கடையில் ஒரு நாள் நின்று, சர்க்கரை நோய்க்குப் போகும் சீட்டுகளில் எத்தனை ஒற்றை மருந்து, எத்தனை கூட்டு மாத்திரை என்று எண்ணினால், ஆணை எதைத் தொடுகிறது, எதைத் தொடவில்லை என்பது விளங்கிவிடும். 2008-இல் தொடங்கிய மக்கள் மருந்தகங்களும், 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 1,000 கடைகளோடு தொடங்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களும் இதே சிக்கலுக்கு வேறொரு விடை தேட முயல்கின்றன. கடை திறப்பதால் விலை இறங்குகிறதா, அருகிலுள்ள தனியார் கடைகளின் தள்ளுபடி மாறுகிறதா, சீட்டில் பிராண்டு பெயர் எழுதப்பட்டிருக்கும்போது நோயாளி அங்கே போகிறாரா என்பவை அளந்து பார்க்கத் தக்க கேள்விகள்.

ஏழாம் படி: காப்புரிமை

பலர் இதை வழக்கறிஞர்களுக்கு விட்டுவிடுகிறார்கள். அது தவறு. 1970-ஆம் ஆண்டுச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தராமல் செய்முறைக்கு மட்டும் தந்ததால்தான் இந்தியாவில் ஜெனரிக் தொழில் வளர்ந்தது. அதனால்தான் 2001-இல் மூன்று எய்ட்ஸ் மருந்துகளை ஓராண்டுக்கு 350 டாலருக்குத் தர சிப்லா முன்வர முடிந்தது. அப்போது அதே சிகிச்சைக்குப் பணக்கார நாடுகளில் 10,000 டாலருக்கு மேல் ஆனது. 2005-இல் பொருளுக்கும் காப்புரிமை வந்தபோது, ஏற்கெனவே அறியப்பட்ட ஒரு பொருளின் புதிய வடிவம் கூடுதல் பயன்திறன் தராவிட்டால் காப்புரிமை இல்லை என்ற 3(டி) பிரிவும் கூடவே வந்தது.

அந்தப் பிரிவின் பெரிய சோதனை சென்னையில் தொடங்கியது. ரத்தப் புற்றுநோய்க்கான இமாடினிபின் ஒரு படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் மறுத்தது. 3(டி) பிரிவே செல்லாது என்ற வாதத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் 2007-இல் ஏற்கவில்லை. 2013 ஏப்ரல் 1 அன்று உச்சநீதிமன்றமும் காப்புரிமையை மறுத்தது. மாதத்துக்கு ஒரு லட்சத்து 20,000 ரூபாய் அளவில் இருந்த சிகிச்சை, ஜெனரிக் வடிவில் சுமார் பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைத்துவந்தது என்பதே வழக்கின் பின்னணி. தீர்ப்பைப் படித்தால் அது மருந்தாளுநரின் பாடம் என்பது புரியும். படிக வடிவம் என்றால் என்ன, 30 சதவீதம் கூடுதல் உயிர்கிடைப்புத்திறன் (உட்கொண்ட மருந்து ரத்தத்தில் சேரும் அளவு) என்பது நோய் தீர்க்கும் பயன்திறன் ஆகுமா என்பதே அங்கே நடந்த விவாதம். உயிர்கிடைப்புத்திறன் கூடியதால் மட்டுமே சிகிச்சைப் பயன் கூடியதாகக் கொள்ள முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. நாம் மூன்றாம் ஆண்டில் தேர்வுக்காக மனப்பாடம் செய்த வளைகோட்டுப் படம் அங்கே வழக்கின் மையமாக நின்றது.

2012 மார்ச்சில் புற்றுநோய் மருந்தான சோராஃபெனிபுக்குக் கட்டாய உரிமம் (காப்புரிமையாளரின் சம்மதமின்றிப் பிறர் தயாரிக்க அரசு தரும் அனுமதி) வழங்கப்பட்டபோது, மாதத்துக்கு 2,80,000 ரூபாய்க்கு மேல் இருந்த விலை 8,800 ரூபாயானது. அந்த ஆணையின் முதுகெலும்பு ஓர் எளிய எண்ணிக்கை: மருந்து தேவைப்படும் நோயாளிகள் எத்தனை பேர், உண்மையில் நாட்டுக்குள் வந்த புட்டிகள் எத்தனை? காப்புரிமை பெற்றவர்கள் அலுவலகத்தில் தாக்கல் செய்யும் படிவம் 27 அப்போது அத்தகைய கணக்குகளைக் கொண்டிருந்தது. அந்தப் பழைய படிவங்களைத் தேடி எடுத்துப் படிக்கும் மருந்தாளுநர்கள் மிகச் சிலரே. காப்புரிமை வழங்குமுன் எவர் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு தரலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். பெடாகுவிலின் என்னும் காசநோய் மருந்தின் இரண்டாம் நிலைக் காப்புரிமை (ஏற்கெனவே உள்ள மருந்தின் புதிய வடிவத்துக்குக் கேட்கப்படுவது) 2023-இல் மறுக்கப்பட்டபோது, மனுதாரர்களில் காசநோயிலிருந்து மீண்ட இரு பெண்கள் இருந்தார்கள்.

எட்டாம் படி: விலையும் காப்புரிமையும் அல்லாத தடைகள்

மார்ஃபின் மலிவானது, காப்புரிமை இல்லாதது, இந்தியாவிலேயே அபினியும் விளைகிறது. இருந்தும் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு மருத்துவப் பயன்பாட்டில் அதன் அளவு கடுமையாகச் சரிந்தது. ஒரு குப்பிக்குப் பல உரிமங்கள் தேவைப்பட்டதால் மருத்துவமனைகள் வாங்குவதையே விட்டுவிட்டன. 2014 திருத்தம் நடைமுறையை எளிதாக்கியது. திருத்தத்துக்குப் பிறகு உங்கள் மாவட்டத்தில் எத்தனை நிலையங்கள் அங்கீகாரம் பெற்றன, எத்தனை உண்மையில் இருப்பு வைத்திருக்கின்றன என்பது ஒரு முதுகலை ஆய்வேட்டுக்குப் போதுமான பொருள்.

தரம் என்பதைத் தனித் துறையாக எண்ணி ஒதுக்காதீர்கள். 2025 அக்டோபரில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சு வேதிப்பொருள் இருந்தது தெரியவந்தபோது, மத்தியப் பிரதேசத்தில் பல குழந்தைகள் இறந்திருந்தார்கள். அந்த மருந்து மலிவாகவும் இருந்தது, எளிதாகவும் கிடைத்தது.

ஒன்பதாம் படி: அனுமதியும் நெறிமுறையும்

மருந்தின் விலையைத்தானே பார்க்கிறோம், நெறிமுறைக் குழு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கடைக்காரரும் மருந்தாளுநரும் மனிதர்கள். நீங்கள் எழுதுவது அவர்களுடைய வேலையைப் பாதிக்கக்கூடும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளைப் படித்து, உங்கள் நிறுவனத்தின் குழுவில் அனுமதி பெற்ற பிறகே களத்துக்குப் போங்கள். நோயாளிபோல் நடித்துச் சென்று பார்க்கும் முறைக்குக் குழு கூடுதல் கேள்விகள் கேட்கும். கேட்க வேண்டியதும் முறையே.

அரசு நிலையங்களுக்கு மாவட்ட சுகாதார அலுவலரிடமும், மருத்துவமனைகளுக்கு இணை இயக்குநரிடமும், சில வேளை சென்னையில் இயக்குநரகத்திடமும் கடிதம் தேவைப்படும். இதற்கு மூன்று மாதம் ஒதுக்குங்கள். ஆறு மாதம் ஆனால் மனம் தளராதீர்கள். ஒரு முறை என் விண்ணப்பம் ஓர் அலுவலகத்தில் இருமுறை காணாமற்போய், மூன்றாம் முறை நானே நகலோடு போய் நின்றபோது கையெழுத்தானது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறதே என்று எடுத்தவுடன் அதை நீட்டாதீர்கள். தரவு கேட்ட பிறகும் கிடைக்காத இடத்தில்தான் அது பயன்படும். மருந்து நிறுவனங்களிடமிருந்து பணமோ பயணமோ பெற்றிருந்தால் முதல் பக்கத்திலேயே தெரிவித்துவிட வேண்டும்.

பத்தாம் படி: வேலை எங்கே, எழுத்து எங்கே

இந்தத் துறைக்கென்று ஒரே வாசல் கிடையாது. ஐ.சி.எம்.ஆர். நிறுவனங்களின் திட்டப் பணிகள், 2017 முதல் செயல்படும் இந்திய சுகாதாரத் தொழில்நுட்ப மதிப்பீட்டு அமைப்பின் வட்டார மையங்கள், மாநில மருந்துக் கழகங்கள், பல்கலைக்கழகங்களின் மருந்தியல் நடைமுறைத் துறைகள், புறக்கணிக்கப்பட்ட நோய்களுக்கு மருந்து உருவாக்கும் டி.என்.டி.ஐ. போன்ற லாபநோக்கற்ற அமைப்புகள் என வழிகள் பிரியும். இலங்கையில் 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகாரசபையும் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனமும் இருக்கின்றன. 2022 நெருக்கடியில் மருத்துவமனைகள் மருந்தின்றித் தவித்ததால் அங்கே இந்தக் கேள்விகளுக்கு இன்று கூடுதல் அவசரம். திட்டப் பணிகள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டு ஒப்பந்தங்கள் என்பதை வீட்டில் முன்பே சொல்லிவிடுவது நல்லது. மருந்துக் கம்பெனியில் சேர்ந்த வகுப்புத் தோழரின் சம்பளத்தோடு ஒப்பிட்டால் முதல் ஐந்தாண்டுகள் கடினமாகவே இருக்கும்.

கட்டுரையைப் பணம் வாங்கிக்கொண்டு ஒரு வாரத்தில் அச்சிடும் இதழ்களுக்கு அனுப்பாதீர்கள்; வேலைக்கான நேர்காணலில் அது உங்களுக்கு எதிராகவே பேசும். ஆங்கிலக் கட்டுரையோடு நிறுத்தாமல், இரண்டு பக்கத் தமிழ்க் குறிப்பு ஒன்றும் எழுதுங்கள். மாவட்ட அலுவலர் படிப்பது பெரும்பாலும் அதைத்தான்.

முடிவுகளை முதலில் காட்ட வேண்டியவர்கள், நீங்கள் அலமாரியைத் திறக்கச் சொன்ன மருந்தாளுநர்கள். அப்படிக் காட்டிய ஒரு கூட்டத்தில், என் அட்டவணையில் ஒரு மருந்து பதினொரு நிலையங்களில் ஒரே வாரத்தில் தீர்ந்திருப்பதைப் பார்த்த பெண் மருந்தாளுநர் ஒருவர், “அந்த வாரம் எங்க பக்கம் டெங்கு சார், எல்லாருக்கும் பாராசிட்டமால் போச்சு; மத்த மருந்துக்கு இண்டென்ட் போட ஆள் இல்ல” என்றார். ஆறு மாதமாக நான் கிடங்கில் தேடிக்கொண்டிருந்த காரணம் கிடங்கில் இல்லை. அந்த ஒரு வரிக்காக என் விவாதப் பகுதியை முழுவதும் திருத்தி எழுத வேண்டியிருந்தது.